எம்எஸ்சி கணிதம், புள்ளியியல் முடித்தவர்கள் ஆய்வு இடம் தேடுவது எப்படி: தேதி, காகிதம், செலவு

எம்எஸ்சி கணிதம் படித்தபோது எனக்கு இருந்த திட்டம் ஒன்றே ஒன்று: முடித்ததும் நல்ல இடத்தில் ஆய்வுக்குச் சேர வேண்டும். எந்த மாதம் விண்ணப்பிப்பது, என்ன காகிதம் கேட்பார்கள் என்று சொல்லித்தர எங்கள் கல்லூரியில் ஆள் இல்லை. ஜூன் மாதம் முடிவு வந்த பிறகுதான் தேடவே ஆரம்பித்தேன். அதற்குள் அந்த வருடத்துக்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். அடுத்த வருடம் சென்னையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் தரவுப் பகுப்பாய்வு வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் பிஎச்டி சேர்க்கை வரை வந்தேன்.

அந்த ஒரு வருடம் உங்களுக்குப் போகக் கூடாது. ஊர்க் கல்லூரிகளில் கணிதம், புள்ளியியல், தரவு அறிவியல் படித்துக்கொண்டிருப்பவர்களையும் முடித்துவிட்டு என்ன செய்வதென்று நிற்பவர்களையும் நினைத்து இதை எழுதுகிறேன்.

1. எந்த வகை இடம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"ஆய்வு வேலை" என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று வேறு விஷயங்கள். ஒன்று, பிஎச்டி சேர்க்கை. நுழைவுத் தேர்வு, நேர்காணல், மாத உதவித்தொகை, ஐந்து வருடம். இரண்டாவது, திட்டப் பணி. ஒரு பேராசிரியருக்கோ நிறுவனத்துக்கோ கிடைத்த நிதியிலிருந்து ஆறு மாதம், ஒரு வருடம் என்று எடுப்பார்கள். மூன்றாவது, பிஎச்டிக்கு முந்தைய பயிற்சி இடங்கள். பெங்களூருவில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியா, கூகுள் ரிசர்ச் ஆகிய இடங்களிலும், சென்னை ஐஐடியின் தரவு அறிவியல் மையத்திலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

தூய கணிதம்தான் வேண்டும் என்றால் உங்கள் வழி முதலாவதுதான். இயற்கணிதத்துக்கும் இடவியலுக்கும் திட்டப் பணி அபூர்வம். புள்ளியியல், தரவுப் பகுப்பாய்வு என்றால் இரண்டாவது வழி தாராளமாகத் திறந்திருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்பி நான் நான்கு மாதம் வீணாக்கினேன். மூன்றிலும் பார்ப்பவர் வேறு, அவர் தேடுவதும் வேறு.

2. நாட்காட்டியை ஒரு வருடம் முன்னால் நகர்த்துங்கள்

ஜூலை, ஆகஸ்டில் சேர வேண்டும் என்றால் அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே வேலை தொடங்கிவிடும். எம்எஸ்சி இரண்டாம் ஆண்டில் காலெடுத்து வைக்கும் அந்த மாதம்தான் தொடக்கம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் தேசிய அளவிலான தகுதித் தேர்வான கேட் (GATE) தேர்வுக்கு விண்ணப்பம் திறக்கும். அதை ஒட்டி மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டிஐஎஃப்ஆர்) நுழைவுத் தேர்வு அறிவிப்பு வரும், தேர்வு டிசம்பர் வாக்கில். கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், முடிவு மார்ச்சில். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தியப் புள்ளியியல் நிறுவனம், சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனம், ஐஐடிகள், பெங்களூரு ஐஐஎஸ்சி என்று வரிசையாக விண்ணப்பங்கள் திறக்கும். புள்ளியியல் நிறுவனத்துக்கும் சிறுசேரிக்கும் தேர்வு மே மாதத்தில். நேர்காணல்கள் மே முதல் ஜூலை வரை. அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் (NET) வருடத்துக்கு இரண்டு சுற்று, ஆனால் தேதி தள்ளிப் போவது வழக்கமாகிவிட்டது. அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஜூலையைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு செய்தி: பல ஐஐடிகள் ஜனவரியில் சேர்வதற்கு இன்னொரு முறை பிஎச்டிக்கு ஆள் எடுக்கின்றன. விளம்பரம் அக்டோபர், நவம்பரில் வரும். எனக்கு இது தெரியாததால் ஆறு மாதம் போயிற்று.

3. தேர்வுகள்: எதை எழுதினால் எது கிடைக்கும்

நெட் தேர்வில் "கணித அறிவியல்" தாள்தான் கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் பொது. மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதியில் 20 கேள்விகளில் 15, இரண்டாவதில் 40இல் 25, மூன்றாவதில் 60இல் 20 எழுத வேண்டும். மூன்றாம் பகுதியில் ஒரு கேள்வி 4.75 மதிப்பெண். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம், அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். ஆனால் தவறுக்குக் கழிவு இல்லை. முதல் இரண்டு பகுதிகளில் கழிவு உண்டு. இது தெரியாமல் முதல் முறை மூன்றாம் பகுதியில் பாதிக் கேள்விகளை விட்டுவிட்டு எழுந்து வந்தேன். அங்கே 20 கேள்விகளையும் நிரப்பாமல் வெளியே வராதீர்கள். நேரத்தையும் அதற்கேற்றபடி வையுங்கள். முதல் பகுதியின் மொத்த மதிப்பே 30தான்.

புள்ளியியல் படித்தவர்கள் முழுப் பாடத்திட்டத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நிகழ்தகவு, புள்ளியியல் அலகோடு நேரியல் இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வின் அடிப்படை இரண்டையும் உறுதியாக வைத்துக்கொண்டால் தேவையான எண்ணிக்கைக்குக் கேள்விகள் கிடைத்துவிடும்.

நெட்டில் தேறுவது வேறு, ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைப்பது வேறு. ஜேஆர்எஃப் என்றால் உதவித்தொகை உங்களோடு வரும். 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஜேஆர்எஃப் இல்லாத தேர்ச்சியை வைத்துச் சேரும்போது, சேரும் இடத்தில் உதவித்தொகை உண்டா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.

கேட்டில் கணிதத் தாள் பழையது. புள்ளியியல் தாள் 2019இலும், தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த தாள் 2024இலும் வந்தன. மதிப்பெண் மூன்று வருடம் செல்லும், அதனால் எம்எஸ்சி முதலாம் ஆண்டிலேயே எழுதிப் பார்க்கலாம். கட்டணம் ஒரு தாளுக்கு 2,000 ரூபாய் அளவில். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. திட்டப் பணிகளிலும் நெட் அல்லது கேட் இருப்பவருக்குச் சம்பளம் கூடுதல் என்பதால் ஒரு தேர்வையாவது கையில் வைத்திருப்பது நல்லது.

பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் எடுத்தவர்கள் பிஎச்டிக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் ஃபெலோஷிப்பைப் பாருங்கள். ரேங்க் சான்றிதழைப் பட்டமளிப்பு விழா வரை காத்திருக்காமல் எழுதிக் கொடுத்து வாங்குங்கள்.

4. காகிதங்கள்: இங்கேதான் நம் ஆட்கள் விழுகிறார்கள்

முதல் வலை, பெயர். நம் மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் முதலெழுத்து இருக்கும். ஆதாரில் அது பின்னால் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும். மூன்றும் மூன்று ஆள் மாதிரித் தெரியும். எந்தத் தேர்வுக்கும் விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆதாரை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாத மதிப்பெண் பட்டியலுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு மையத்து வாசலில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வரக் கூடாது.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். பள்ளியிலிருந்து நாம் காட்டிவரும் பிசி, எம்பிசி சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. அவர்களுக்கு வேண்டியது மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழ். அதுவும் பெரும்பாலும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். ஒரு வாரத்திலும் முடியலாம், ஒரு மாதமும் ஆகலாம். நேர்காணல் கடிதம் வந்த பின் ஓடாதீர்கள், ஏப்ரல் முதல் வாரத்திலேயே போடுங்கள்.

மூன்றாவது, டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் அடங்கிய தொகுப்பு. வெளிநாட்டுக்குக் கட்டாயம், உள்நாட்டில் சில இடங்களில் கேட்பார்கள். செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களின் நகல் டிரான்ஸ்கிரிப்ட் ஆகாது. பல்கலைக்கழகம் முத்திரையிட்டுத் தனியாகத் தர வேண்டியது அது. நான் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. ஒரு விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதற்குள் போய்விட்டது. எத்தனை பிரதி வேண்டும் என்று முதலிலேயே எண்ணி, இரண்டு கூடுதலாகக் கேளுங்கள். மூடி முத்திரையிட்ட உறையைப் பிரிக்காதீர்கள்.

கடைசி செமஸ்டர் முடிவு வராதவர்கள், "இறுதித் தேர்வு எழுதியிருக்கிறார், முடிவு எதிர்பார்க்கப்படுகிறது" என்று துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அநேக இடங்களில் அதை ஏற்றுக்கொண்டு அவகாசம் தருவார்கள். சேர்ந்த பின் புரவிஷனல் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கோப்புக்குப் பெயரிட்டு, மின்னஞ்சலில் ஒரு பிரதி வையுங்கள்.

5. பரிந்துரைக் கடிதம்: மதிப்பெண்ணை விட இது கடினம்

நேரடியாகச் சொல்கிறேன். "இந்த மாணவர் ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்" என்று நான்கு வரி எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. நீங்கள் எந்தத் தேற்றத்தை எப்படி விளக்கினீர்கள், எந்தக் கணக்கில் நாள் கணக்காகப் போராடினீர்கள் என்று எழுதக்கூடிய ஆள் வேண்டும். அப்படி எழுத அவர் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். சிறிய கல்லூரியில் படிக்கும் நம்மைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள், நாம்தான் போக வேண்டும்.

போவதற்கு வழி இருக்கிறது. எம்டிடிஎஸ் என்ற கோடைக் கணிதப் பயிற்சி 1993இலிருந்து நடக்கிறது. நான்கு வாரம், மே, ஜூனில். காலையிலிருந்து மாலை வரை கேள்வி கேட்டே பாடம் நடத்துவார்கள். மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு ஃபெலோஷிப்பில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியுடன் வேலை செய்யலாம், உதவித்தொகையும் உண்டு. அதற்கான அழைப்பு முந்தைய வருடக் கடைசியில் வரும். தேசிய கணித மையம் நடத்தும் பயிற்சிப் பள்ளிகள் இன்னொரு வழி. எம்எஸ்சி முதலாம் ஆண்டுக் கோடை விடுமுறையை இதில் ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள். வேறு எதற்கும் கொடுக்காதீர்கள்.

கடிதம் கேட்கும் முறை: குறைந்தது ஒரு மாதம் முன்பு. "எனக்காக ஒரு நல்ல கடிதம் எழுத உங்களால் முடியுமா, சார்?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வற்புறுத்தாமல் வேறு ஆளைத் தேடுங்கள். சம்மதித்தால் உங்கள் சிவி, மதிப்பெண், அவரிடம் செய்த வேலையின் சுருக்கம், கடைசித் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். இப்போது பல இடங்களில் கடிதத்தை நீங்கள் தர முடியாது. அவருடைய முகவரிக்கு ஓர் இணைப்பு போகும், அவரே பதிவேற்ற வேண்டும். அந்த மின்னஞ்சல் ஸ்பேமில் விழும். சில தளங்கள் ஜிமெயில் முகவரியை மதிப்பதில்லை, கல்லூரி முகவரி கேட்கும். நம் ஆசிரியர்கள் பலர் கல்லூரி முகவரியைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பு நேரில் போய், அவர் கணினியில் பக்கத்தில் உட்கார்ந்து இணைப்பைத் திறக்க உதவுங்கள். கடிதத்தை மட்டும் படிக்கக் கூடாது.

6. விளம்பரங்கள் எங்கே வரும்

திட்டப் பணிகள் செய்தித்தாளில் வருவது குறைவு. நிறுவனத்தின் தளத்தில் ஒரு மூலையில் இரண்டு, மூன்று வாரம் இருக்கும், பிறகு காணாமல் போகும். சென்னை ஐஐடிக்கு, ஐசிஎஸ்ஆர் என்ற பிரிவின் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கணிதத்தோடு கணினியியலும் கணினிவழி உயிரியலும் உண்டு.

தரவு வேலை தேடும் கணித மாணவர்கள் கண்ணில் படாத இடம் மருத்துவ ஆய்வு. அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலூர் சிஎம்சியின் உயிரியப் புள்ளியியல் துறை. இங்கெல்லாம் புள்ளியியல் தெரிந்தவர் தேவை. பொருளாதாரம், சமூக ஆய்வுப் பக்கம் போனால் வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆய்வு செய்யும் ஜேபால் தெற்காசியா போன்ற அமைப்புகள் ஆட்களை எடுக்கின்றன. ஸ்டாட்டா (Stata) அல்லது ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும், களத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

பதவிப் பெயரைக் கவனியுங்கள். "ரிசர்ச் அசோசியேட்" என்றால் அரசு நிதித் திட்டங்களில் பிஎச்டி முடித்தவர், தொடக்கம் 58,000 ரூபாய். அதே பெயர் வேறு சில நிறுவனங்களில் முதுகலை முடித்தவருக்கான இடம். பெயரைப் பார்த்து ஒதுங்காமல், தகுதிப் பத்தியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த உண்மையான ஆய்வு நிறுவனமும் வேலை தருவதற்கு "டெபாசிட்" கேட்காது. தேர்வுக் கட்டணம் வேறு, அது அரசுத் தளத்தில் ரசீதோடு கட்டுவது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களிடமும் போகாதீர்கள். அப்படி ஒரு கட்டுரை சிவியில் இருப்பதை விட இல்லாமல் இருப்பது மேல்.

7. சிவியும் ஒரு முழுமையான வேலையும்

சிவி இரண்டு பக்கம், கணிதக் கட்டுரைகளை அச்சுக்கோக்கும் லேடெக் (LaTeX) மென்பொருளில் செய்யுங்கள். கணிதத் துறையில் அது உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும். அப்பா பெயர், பொழுதுபோக்கு, கையெழுத்திட்ட உறுதிமொழி எதுவும் வேண்டாம். படித்த பாடங்கள், எந்தப் புத்தகத்தை எதுவரை படித்தீர்கள், செய்த திட்டம், பரிந்துரைப்பவர் பெயர். போதும்.

தரவு வேலைக்கு, பத்துச் சான்றிதழ் படிப்புகளை அடுக்குவதை விட ஒரே ஒரு பகுப்பாய்வை முழுமையாகச் செய்து நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் (GitHub) தளத்தில் வையுங்கள். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் தொழிலாளர் ஆய்வு போன்றவற்றின் குடும்ப அளவிலான தரவை இலவசமாகத் தருகிறது. அதை எடுத்து ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: அந்தத் தரவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எடை, அதாவது அது எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்ற எண், இருக்கும். அதைச் சேர்க்காமல் சராசரி எடுத்தால் விடை நாட்டைக் குறிக்காது, மாதிரியில் விழுந்த ஆட்களை மட்டுமே குறிக்கும். என் நேர்காணலில் முதல் கேள்வியே இதுதான். கோப்புகளை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தால், பார்ப்பவர் ஓட்டிப் பார்ப்பார்.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல் எட்டு வரியைத் தாண்டக் கூடாது. நான் யார், உங்களுடைய எந்தக் கட்டுரையில் எதைப் படித்தேன், எனக்கு என்ன தெரியும், எந்த மாதத்திலிருந்து வர முடியும், சிவி இணைப்பு. "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று ஐம்பது பேருக்கு ஒன்றாக அனுப்பியது தெரிந்தால் திறக்காமலே அழிப்பார்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம்.

8. நேர்காணல்

பிஎச்டி நேர்காணலில் பொதுவாக இரண்டு பாடங்களை உங்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அடிப்படையில் தொடங்கி, நீங்கள் நிற்கும் இடம் வரை தள்ளிக்கொண்டே போவார்கள். கச்சிதம் (compactness) என்றால் என்ன என்பார்கள். பிறகு மூடிய, வரம்புள்ள கணம் எப்போதும் கச்சிதமா என்பார்கள். முடிவிலி பரிமாணத்துக்குப் போனதும் அலகுக் கோளம் அப்படி இல்லை என்று காட்டத் தெரிய வேண்டும். புள்ளியியலில், பிறழ்ச்சியற்ற (unbiased) ஆனால் இசைவற்ற (inconsistent) மதிப்பீட்டுக்கு உதாரணம் கேட்பார்கள். சராசரியை மதிப்பிட முதல் அளவீட்டை மட்டும் எடுத்துக்கொள்வது போதும், அதுவே விடை. தெரியாததைத் "தெரியவில்லை, இப்படி முயன்று பார்க்கிறேன்" என்று சொல்லிப் பலகையில் எழுதத் தொடங்குங்கள். அவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான்.

ஆங்கிலம் தடுமாறினால் கவலைப்படாதீர்கள், மெதுவாகப் பேசுங்கள். வீட்டில் ஒரு கரும்பலகையோ தாளோ வைத்து, பத்து நிறுவல்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

நேரடி நேர்காணல் விளம்பரங்களில் பயணப்படி கிடையாது என்றே பெரும்பாலும் போட்டிருக்கும். டெல்லி, கொல்கத்தா என்றால் இணையவழி நேர்காணல் முடியுமா என்று முன்கூட்டிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

9. வெளிநாடு என்றால்

அமெரிக்காவில் பிஎச்டி விண்ணப்பங்களின் கடைசித் தேதி டிசம்பர், ஜனவரி. ஒவ்வொன்றுக்கும் 75 முதல் 125 டாலர் வரை கட்டணம், அதனால் ஐந்தாறு இடத்துக்கு மேல் தாங்காது. கட்டண விலக்கு கேட்டுத் துறைக்கு எழுதிப் பாருங்கள், சில இடங்களில் தருகிறார்கள். உதவித்தொகையோடு வரும் இடத்துக்கு முடிவு சொல்லப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும். அதற்கு முன் அவசரப்படுத்தினால் நிதானமாகக் கேள்வி கேளுங்கள்.

பணம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது ஐரோப்பா. சுவீடன், நார்வே போன்ற நாடுகளில் பிஎச்டி என்பது சம்பள வேலை. பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பக்கத்திலும் ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்ஸஸ் (EURAXESS) தளத்திலும் விளம்பரம் வரும், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் இ13 என்ற சம்பளப் படியில் பாதி, முக்கால் என்று குறிப்பிட்டிருப்பார்கள். அது சம்பளத்தின் பங்கு. பாஸ்போர்ட் 1,500 ரூபாய், இப்போதே எடுத்துவிடுங்கள். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், கேட்கும் இடம் உறுதியான பிறகு எழுதுங்கள்.

பிஎச்டி முடிக்கப்போகிறவர்களுக்கு கணிதத் துறை வேலைகளுக்கான மேத்ஜாப்ஸ் (MathJobs) தளம்தான் முதல் வாசல். விண்ணப்பிப்பவருக்கு இலவசம். நவம்பர், டிசம்பரில் பெரும்பாலான கடைசித் தேதிகள் வரும், மூன்று நான்கு பரிந்துரைக் கடிதங்கள் அதற்கு முன்பே ஏறியிருக்க வேண்டும். ஐரோப்பிய மேரி கியூரி ஃபெலோஷிப்புக்குச் செப்டம்பர். போகும் நாட்டில் முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. சம்மதம் சொல்வதற்கு முன்

திட்டப் பணி என்றால் ஐந்து கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் முடிய இன்னும் எத்தனை மாதம்? நீட்டிப்பு யார் கையில்? இங்கே இருந்துகொண்டே பிஎச்டிக்குப் பதிவு செய்யலாமா? நான் செய்யும் பகுப்பாய்வு கட்டுரையானால் என் பெயர் வருமா? பிஎச்டி நேர்காணல்களுக்கு விடுப்பு உண்டா? நல்ல நெறியாளர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு நிதியிலிருந்து வரும் உதவித்தொகை முதல் மாதமே வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். எனக்கு முதல் தொகை வர நான்கு மாதம் ஆயிற்று, பிறகு நிலுவை மொத்தமாக வந்தது. அதுவரை விடுதி முன்பணம், மெஸ், பஸ் எல்லாம் கைக்காசு. வீட்டில் கடன் வாங்க வேண்டியிருந்தால் மூன்று, நான்கு மாதச் செலவுக்குச் சேர்த்துக் கேளுங்கள். விடுதியில் இடம் கொடுத்தால் வாடகைப் படி வராது, அதைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கேட்பார்கள். சரிபார்த்துத் திருப்பித் தந்தால் சரி. வைத்துக்கொள்வதாக இருந்தால் எந்தெந்தக் காகிதம் என்று பட்டியல் போட்டுக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். சேர்ந்ததற்கான அறிக்கையில் தேதியோடு அலுவலகப் பதிவு எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகைக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.